பின் அச்சில் மூன்று லிட்டர்

அரிசோனா மாநிலத்தின் மேற்கு எல்லையில், கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள புல்ஹெட் சிட்டிக்கு அருகிலிருந்து கிழக்கு நோக்கி ஏறுகிறது மாநிலச் சாலை 68. யூனியன் கணவாயை எட்டுவதற்குள், 11.4 மைல் தொலைவில், அதாவது 18 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில், ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. நம் மலைப்பாதைகளைப் போலக் கொண்டை ஊசி வளைவுகள் கிடையாது. அகலமான, நிழலற்ற பாலைவனச் சாலை. டேவிஸ் அணை ஏற்றம் என்று பெயர். அமெரிக்காவில் பிக்கப் டிரக் செய்யும் பொறியாளர்களுக்கு இது பொதுத்தேர்வு மையம் மாதிரி.

ஒரு டிரக் எவ்வளவு எடையை இழுக்கும் என்று விளம்பரத்தில் போடும் எண்ணுக்கு வெகுகாலம் பொது அளவுகோல் எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோதான முறையில் சோதித்து, தனக்குப் பிடித்த எண்ணை அச்சடித்தது. 2008இல் எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் சங்கம் ஜே2807 என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. இந்த ஏற்றமும் அதில் ஒரு தேர்வு. வெளி வெப்பம் குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஏ.சி. முழு வீச்சில் ஓட வேண்டும். விளம்பரத்தில் சொன்ன எடை முழுவதும் பின்னால் பூட்டியிருக்க வேண்டும். பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் கொண்ட வண்டி மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. 2011 மாடல் டண்ட்ரா பிக்கப்புக்கு டொயோட்டா முதலில் இதை ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் சில ஆண்டுகள் யோசித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

ஒரு கணக்குப் போடலாம். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 9 டன். அதை 900 மீட்டர் உயர்த்தச் சுமார் 8 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். 40 மைல் வேகத்தில் ஏறி முடிக்க 17 நிமிடம். அப்படியென்றால் புவியீர்ப்பை வெல்ல மட்டும் 77 கிலோவாட். காற்றின் தடையையும் டயர்களின் தடையையும் சேர்த்தால் 110 கிலோவாட்டை நெருங்கும். இவ்வளவும் பின் அச்சின் நடுவிலுள்ள ஒரே ஒரு பல்சக்கர ஜோடி வழியாகத்தான் சக்கரங்களுக்குப் போகிறது. நம் லாரிப் பட்டறைகளில் கிரவுன், பினியன் என்பார்களே, அந்த ஜோடி. அதன் திறன் 96 சதவீதம் என்று கொண்டால் மீதி 4 சதவீதம் வெப்பமாகிறது. நாலரை கிலோவாட். வாளித் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் கம்பிகள் நாலைந்தை இரும்புக் கூட்டுக்குள் செருகி, 17 நிமிடம் அணைக்காமல் விட்ட கதைதான்.

கூட்டுக்குள் இருப்பதோ இரண்டரை, மூன்று லிட்டர் எண்ணெய். எஞ்சினுக்கு ரேடியேட்டர் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குத் தனிக் கூலர் உண்டு. பின் அச்சுக்குப் பெரும்பாலான வண்டிகளில் பம்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை, கூலரும் இல்லை. அடியில் வீசும் காற்றுதான் கதி, அந்தக் காற்றும் 38 டிகிரி. அச்சின் இரும்பு 100 கிலோ என்றால், காற்றே வீசாத நிலையில் அதன் வெப்பநிலை அந்த 17 நிமிடத்தில் 100 டிகிரி ஏறும். காற்று ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனாலும் பாரம் இழுக்கும் வண்டியில் அச்சு எண்ணெய் 120, 130 டிகிரியைத் தொட்டால் வியக்க ஒன்றுமில்லை.

இழுவை வண்டிக்கு சிந்தெடிக் எண்ணெய் தேவையா என்று கேட்பவர்கள் வழக்கமாக எஞ்சினைத்தான் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ கேள்வியைப் பின்னாலிருந்து தொடங்குவதே சரியாகப் படுகிறது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கியர் பாக்ஸ், நான்கு சக்கரத்துக்கும் சக்தி பிரியும் வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் அச்சு என மூன்று பெட்டிகள் இருக்கின்றன. மூன்றிலும் எண்ணெய்க்கு வேறு வேறு வேலை. சிந்தெடிக் என்ற முத்திரைக்கு மூன்றிலும் ஒரே விலை கிடையாது.

பின் அச்சிலுள்ள ஜோடிக்கு ஹைபாய்டு என்று பெயர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலுள்ள கிளீசன் நிறுவனம் இதை உருவாக்கியது. 1920களின் நடுப்பகுதியில் பேக்கார்டு கார்களில் வந்தது. அதற்கு முந்தைய பல்சக்கரங்களில் பினியனின் அச்சுக்கோடு கிரவுனின் மையத்தைச் சந்திக்கும். ஹைபாய்டில் பினியன் மையத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். கார் செய்பவர்களுக்கு இதில் ஒரு வசதி: எஞ்சினிலிருந்து வரும் நீண்ட ஷாஃப்ட் தாழ்ந்துவிடும், வண்டியின் தரையும் தாழும். பினியனைப் பெரிதாகவும் செய்யலாம், பல்லின் வலுவும் கூடும். சத்தமும் குறைவு.

இந்த வசதிக்கெல்லாம் எண்ணெய்தான் விலை கொடுக்கிறது. சாதாரணப் பல்சக்கரத்தில் பல்லும் பல்லும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருளும். உருளும்போது எண்ணெய்ப் படலம் எளிதில் உருவாகும். ஹைபாய்டில் பினியன் விலகி நிற்பதால், பல் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்கிறது. தொடுகையின் எந்தப் புள்ளியிலும் வழுக்கல் ஓய்வதில்லை. பெரும் அழுத்தமும் வழுக்கலும் சேரும் இடத்தில் எந்தப் படலமும் அவ்வப்போது கிழியும். கிழிந்த இடத்தில் இரும்பு இரும்போடு ஒட்டிப் பிய்ந்து வரும். அதைத் தடுக்கத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்களை ஊற்றினார்கள். பல்நுனியில் வெப்பம் எகிறும் கணத்தில் இவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய சல்பைடு, பாஸ்பேட் பூச்சாகப் படியும்; பல்லுக்குப் பதிலாகத் தாம் தேயும். கியர் ஆயில் டப்பாவைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் இந்தக் கந்தகத்துடையது.

விற்பனையாளர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. படலம் கிழியும்போது பல்லைக் காப்பாற்றுவது இந்தச் சேர்மங்கள். அடிப்படை எண்ணெய் கனிமமா சிந்தெடிக்கா என்பது அந்தக் கணத்தில் பொருட்டே அல்ல. அச்சு எண்ணெய்க்கான ஜி.எல்-5 தரத்துக்கு வைக்கும் பாரச் சோதனையும் அதிர்ச்சிச் சோதனையும் இரண்டுக்கும் பொது. விலை குறைந்த கனிம ஜி.எல்-5 எண்ணெயும் அதே தேர்வை எழுதித் தேறியதுதான்.

பிறகு சிந்தெடிக்கில் என்ன லாபம்? படலம் கிழியாத நேரத்தில் நடப்பதைப் பார்க்க வேண்டும். பல்லும் பல்லும் அழுந்தும் இடத்தில் அழுத்தம் ஒரு ஜிகாபாஸ்கலைத் தாண்டும். வளிமண்டல அழுத்தத்தைப் போல 10,000 மடங்குக்கும் மேல். அங்கே எண்ணெய் திரவமாகவே நடந்துகொள்வதில்லை. பாகுத்தன்மை கோடிக்கணக்கான மடங்கு உயர்ந்து, ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லாத படலம் ஏறக்குறையக் கண்ணாடி நிலைக்குப் போகிறது. பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதற்குக் காரணமே இந்த இறுக்கம்தான். ஆனால் அந்த இறுகிய படலத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டுதான் பல் வழுக்க வேண்டும். அறுக்கச் செலவாகும் ஆற்றல்தான் வெப்பம்.

எவ்வளவு எளிதாக அறுபடும் என்பது மூலக்கூறின் வடிவத்தைப் பொறுத்தது. பூமியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த எண்ணெயில் நீண்ட சங்கிலிகள், கிளைச் சங்கிலிகள், கார்பன் வளையங்கள் எல்லாம் கலந்திருக்கும். வளையங்கள் அழுத்தத்தில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அசைய மறுக்கும். பாலி-ஆல்ஃபா-ஒலிஃபின், சுருக்கமாகப் பி.ஏ.ஓ., என்ற சிந்தெடிக்கில் வளையங்களே இல்லை. எத்திலீன் வாயுவிலிருந்து பத்து கார்பன் கொண்ட டெசீனைச் செய்து, அதில் மூன்று நான்கை இணைத்து, ஹைட்ரஜன் ஏற்றி முடிக்கிறார்கள். கிடைப்பது வளைந்து கொடுக்கும் கைகள் கொண்ட மூலக்கூறு. அழுத்தத்தில் எளிதாக நழுவும். அச்சின் வெப்பம் குறைவதற்கு முதல் காரணம் இதுதான்.

நேர் எதிரான தேவையும் உண்டு என்பது வேடிக்கை. பல் இல்லாத உருளைகளை ஒன்றோடொன்று அழுத்தி, எண்ணெய்ப் படலம் வழியாகவே சக்தியைக் கடத்தும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கென்று மான்சாண்டோ நிறுவனம் சாண்டோட்ராக் என்ற திரவத்தைச் செய்தது. அதில் வளையங்களை வேண்டுமென்றே திணித்திருந்தார்கள். அதுவும் ஆய்வகத்தில் செய்த சிந்தெடிக்தான். அதைப் பின் அச்சில் ஊற்றினால் கனிம எண்ணெயைவிட மோசமாகச் சூடேறும்.

வெப்பநிலை மாறினாலும் பாகுத்தன்மை அதிகம் மாறாமல் இருப்பது இரண்டாவது லாபம். இதை அளக்க 1929இல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100, மெக்சிகோ வளைகுடாக் கரையின் எண்ணெய்க்கு 0. அன்றைக்குக் கிடைத்ததில் மிகச் சிறந்ததும் மிக மோசமானதும் அவைதாம். இன்றைய சிந்தெடிக் கியர் எண்ணெய்கள் 150ஐத் தாண்டுவது சாதாரணம்.

வழக்கமான கனிம 80டபிள்யூ-90 எண்ணெய் 100 டிகிரியில் 14.5 சென்டிஸ்டோக் பாகுத்தன்மையுடன் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 130 டிகிரியில் அது ஏழரைக்கு மெலிந்துவிடும். அதே 90 தரத்தில் சிந்தெடிக் ஊற்றினால்? எட்டரை. அவ்வளவுதான்! கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரை வித்தியாசம் இவ்வளவு சிறிது என்று பலரும் நம்ப மாட்டார்கள். சிந்தெடிக் 75டபிள்யூ-140 ஊற்றினால் கதை வேறு: அதே 130 டிகிரியில் பதின்மூன்றுக்கு மேல் நிற்கும். கனிம எண்ணெயிலும் 140 தரம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, 85டபிள்யூ-140. ஆனால் 85டபிள்யூ என்பது பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரி வரைதான் உத்தரவாதம். 75டபிள்யூ பூஜ்யத்துக்குக் கீழே 40 வரை. மின்னசோட்டாக் குளிர்காலத்தில் கனிம 140 மெழுகுக் களியாகிப் பினியனின் பேரிங்குக்குப் போய்ச் சேராது. கோடையில் அரிசோனா ஏற்றத்துக்கும் குளிர்காலத்தில் மின்னசோட்டாக் காலைக்கும் ஒரே எண்ணெய் போதும் என்பதுதான் இங்கே உண்மையான வரவு. இழுவை வேலைக்கு விற்ற தன் பிக்கப்புகள் பலவற்றின் பின் அச்சுக்கு ஃபோர்டு சிந்தெடிக் 75டபிள்யூ-140ஐக் குறிப்பிட்டதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மின்னசோட்டாவை எடுத்துக்காட்டாகச் சொன்னது சும்மா இல்லை. அங்கே டலூத் நகரில் விமானப் படைப் பிரிவொன்றின் தளபதியாக இருந்த ஆல்பர்ட் அமாட்டூசியோ, ஜெட் எஞ்சின்களில் சிந்தெடிக் எண்ணெய் ஓடுவதைப் பார்த்து, காருக்கு ஏன் கூடாது என்று கேட்டவர். 1972இல் அவருடைய ஆம்சாயில் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ.யின் தரத்தை எட்டிய சிந்தெடிக் எஞ்சின் எண்ணெயாக வந்தது. 1974இல் அமெரிக்கச் சந்தைக்கு மொபில் 1 வந்தது. 1990களில் காஸ்ட்ரால் தன் சின்டெக் எண்ணெயில் பி.ஏ.ஓ.வுக்குப் பதிலாக, ஹைட்ரஜனேற்றிக் கடுமையாகச் சீரமைத்த கனிம எண்ணெயைப் போட, மொபில் விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பிடம் புகார் கொண்டுபோனது. 1999இல் தீர்ப்பு காஸ்ட்ரால் பக்கம். அன்றிலிருந்து அமெரிக்கக் கடைகளில் சிந்தெடிக் என்ற முத்திரையை மட்டும் பார்த்து உள்ளே எந்த மூலக்கூறு இருக்கிறது என்று சொல்ல முடியாது. எஞ்சினுக்கு இது பெரிய இழப்பல்ல. சீரமைத்த எண்ணெய் நல்ல எண்ணெய்தான். கடுங்குளிரிலும் கடுஞ்சூட்டிலும் வேலை செய்யும் கியருக்குப் பி.ஏ.ஓ. இன்னும் ஒரு படி மேலே.

அடுத்த பெட்டி ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். அச்சில் சொன்னதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வண்டி கெடும். இங்கே எண்ணெய் உயவு மட்டும் செய்வதில்லை. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் சக்தியைக் கடத்துவதே இந்தத் திரவம்தான். வால்வுகளைத் திறந்து மூடுவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் இதுவே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரக் கிளட்ச் தட்டுகளுக்கு இடையில் எவ்வளவு உராய்வு, எந்த வேகத்தில் எவ்வளவு என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது. வழுக்கல் வேகம் குறையக் குறைய உராய்வு கூடினால் தட்டு பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிரும். நெடுஞ்சாலையில் கரடுமுரடான தகரத்தின்மேல் ஓடுவதுபோல வண்டி முழுவதும் நடுங்கும். இதைத் தடுக்கும் சேர்மங்கள் அளவிலும் வகையிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கிரைஸ்லரின் பெட்டிக்குக் கிரைஸ்லரின் சொந்தத் திரவம், அதில் ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரானை ஊற்றினால், அது எவ்வளவு உயர்ந்த சிந்தெடிக்காக இருந்தாலும், நடுக்கம் வரும் என்பதை 1990களின் மெக்கானிக்குகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இந்தச் சேர்மங்களின் கதையில் ஒரு திமிங்கிலம் வருகிறது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய், வேதியியல்படி பார்த்தால் பெரும்பகுதி மெழுகு எஸ்டர். உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் சிதையாது, உராய்வை மிருதுவாக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்து ஆட்டோமேட்டிக் திரவங்களில் கலந்துவந்தார்கள். 1970இல் அந்தத் திமிங்கிலம் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர, இறக்குமதி நின்றது. எண்ணெய் வேதியியலர்கள் அவசரமாக மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. அப்போது ஆராய்ச்சியாளர்களின் கண் அரிசோனாப் பாலையில் தானாக வளரும் ஹொஹோபாப் புதர்மேல் விழுந்தது. அதன் விதையில் இருப்பதும் ஏறக்குறைய அதே மெழுகு எஸ்டர்.

பாரம் இழுக்கும்போது இந்தப் பெட்டியின் பகை வெப்பம். ஏற்றத்தில் மெதுவாக நகரும் வண்டியில் டார்க் கன்வர்ட்டரின் இரு பாதிகளும் வேறு வேறு வேகத்தில் சுழலும். அந்த வித்தியாசம் அத்தனையும் எண்ணெயில் வெப்பமாகக் கரையும். கூலர் விற்பவர்கள் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள்: 79 டிகிரியில் எண்ணெய் 1 லட்சம் மைல் தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். மைல் கணக்கை நான் நம்புவதில்லை. அது இன்றைய திரவங்களுக்கு எழுதியதல்ல. பாதியாகும் என்ற விகிதம் மட்டும் வேதியியலின் பழைய விதியோடு பொருந்துகிறது: 10 டிகிரி ஏறினால் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். இங்கே சிந்தெடிக் அடிப்படை எண்ணெய்க்கு நல்ல இடம் உண்டு. 2001 மாடலிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸின் கனரகப் பிக்கப்புகளில் வந்த அலிசன் 1000 பெட்டிக்கு, டெஸ்-295 என்ற அலிசனின் சொந்தத் தரத்தில் சிந்தெடிக் கிடைத்தது. பெட்டியைச் செய்தவர்களே தங்கள் தட்டுகளில் சோதித்துச் சொன்னது. வாங்க வேண்டியது அந்த மாதிரித் தரத்தை. கூலரைப் பெரிதாக்குவதற்குச் செலவிடும் பணம் அதைவிட நன்றாக வேலை செய்யும் என்பது என் கட்சி.

கையால் மாற்றும் கியர் பாக்ஸில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. கியர் மாறும்போது வேகங்களைச் சமப்படுத்தும் வளையங்கள் பித்தளையாலோ வெண்கலத்தாலோ ஆனவை. அச்சில் பல்லைக் காப்பாற்றிய கந்தகம் இங்கே செம்பை அரிக்கக்கூடும். அதனால்தான் பல பெட்டிகள் கந்தகம் குறைந்த ஜி.எல்-4 கேட்கின்றன. 1990களில் டாட்ஜ், ஷெவர்லே டிரக்குகளில் வந்த என்.வி.4500 பெட்டிக்கு ஜி.எல்-4 வகையில் 75டபிள்யூ-85 சிந்தெடிக் ஒன்றையே குறிப்பிட்டிருந்தார்கள். அச்சுக்கு வாங்கிய விலை உயர்ந்த ஜி.எல்-5 மிச்சமிருக்கிறதே என்று அதில் ஊற்றியவர்கள், நல்ல எண்ணெயைக் கொண்டே வளையங்களைத் தின்னக் கொடுத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் சக்தி பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் திரவம் கேட்கும், பாரமும் குறைவு; கையேடு சொன்னதை ஊற்றிவிட்டு நகரலாம்.

மாற்றும்போது எழும் பழைய அச்சம் ஒன்று: சிந்தெடிக் ஊற்றினால் ஆயில் சீல் ஒழுகும். ஒரு காலத்தில் இதற்கு அடிப்படை இருந்தது. பி.ஏ.ஓ. மட்டும் இருந்தால் ரப்பர் சற்றுச் சுருங்கி விறைக்கும். எஸ்டர் என்ற இன்னொரு சிந்தெடிக் வகை அதே ரப்பரை ஊத வைக்கும். இரண்டையும் அளவாகக் கலந்து அந்தக் கணக்கை எப்போதோ நேர்செய்துவிட்டார்கள். புது அச்சில் முதலில் கனிம எண்ணெய்தான் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பற்கள் ஒன்றுக்கொன்று பழகாது என்பது இன்னொன்று. தொழிற்சாலையிலேயே சிந்தெடிக் நிரப்பி வெளிவரும் அச்சுகள் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்கு வலுவில்லை. புதுப் பற்களுக்குத் தேவை பொறுமை. முதல் 500 மைலுக்கு ட்ரெய்லரே வேண்டாம், இழுக்கத் தொடங்கிய முதல் 500 மைலுக்கு 50 மைல் வேகத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸின் கையேடுகள் சொல்கின்றன.

எந்த எண்ணெயாலும் தீராத சிக்கல் படகு இழுப்பவர்களுக்கு உண்டு. நெடுந்தூரம் ஓடிக் கொதிக்கும் அச்சோடு ஏரிக்கரைச் சரிவில் பின்னோக்கி இறங்கினால், அச்சு தண்ணீரில் முங்கும். உள்ளேயிருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் ஏரித் தண்ணீரை உறிஞ்சும். வடித்துப் பார்த்தால் எண்ணெய் பால்கலந்த காப்பி நிறத்தில் வரும். சிந்தெடிக்கில் எஸ்டர் இருந்தால் நீர் அதைச் சிதைக்கவும் செய்யும். ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று பெருமையாகச் சொன்ன அச்சுகளுக்கும், நீரில் முங்கினால் எண்ணெயை மாற்று என்ற விதிவிலக்கைக் கையேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்த படகுக்காரர்கள் கரையில் வண்டியை நிறுத்தி அச்சு ஆறும்வரை காத்திருக்கிறார்கள். மூச்சுத்துளைக்கு நீளமான ரப்பர் குழாய் ஒன்றைப் பூட்டி, அதன் மறுமுனையைப் பின்விளக்கின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டியும் வைக்கிறார்கள்.